ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மலைக்கு

எங்கள் வீட்டில் 'மலைக்குப் போயிருக்காக' என்று சொன்னால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். சின்னமனூரில் பாதி வீடுகளில் இதே பேச்சுத்தான். விடிகிற நேரத்தில் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு மலை ஏறும், பொழுது சாய இறங்கும். மலையில் ஏலத்தோட்டம் இருக்கிறது, தோட்டத்தில் வேலை இருக்கிறது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கும் கேரள எல்லைக்குள் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் உண்டு. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் ஏறிப் போய், காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருக்கத் திரும்பி வருவார். அந்த மனிதரிடம் போய், "பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவு வருது, மலைக்கு டூர் போவமா?" என்று கேட்டேன். கொத்தனாரைக் கூப்பிட்டு, லீவு நாளில் சுவர் பார்க்கப் போகலாமா என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"தெனமும் மலையிலதான கெடக்கேன்" என்றார்.

"நீங்க கெடக்கீக. நான் எங்க கெடந்தேன்?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நான் ஆண்டிபட்டியில் பிறந்தவள். மாசிக்கு அப்புறம் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர். எனக்குச் சம்பந்தம் பேசி முடித்தபோது எங்கள் தெருவில் அத்தனை பேரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள்: 'ஒனக்கென்ன, மலையடிவாரத்துல வாக்கப்படுற, காத்தும் தண்ணியும் கொட்டிக் கெடக்கும்.' காற்றும் தண்ணீரும் இருக்கத்தான் செய்கின்றன. மலையும் இருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது இந்தப் பக்கம் திரும்பினால் மேகமலை, அந்தப் பக்கம் திரும்பினால் கேரளத்து மலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டையும் நான் பார்த்தது ஈரத் துணிகளுக்கு இடையில்தான். நாலு பக்கமும் உயரமாகச் சுவர் எழுப்பின வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும் சில நாள்.

மகளுக்கு ஆறு வயது. மகன் மூன்றைத் தொடுகிறான். மாடிக்கு வந்தால் மகள் முதலில் மேகமலையைத்தான் பார்ப்பாள். காலை நேரத்தில் மேகம் அதன் உச்சியில் படிந்திருக்கும். "அம்மா, மேகம் அங்கன ஒக்காந்திருக்குல்ல, அது எந்திரிச்சுப் போறதுக்குள்ள நாம போயித் தொட்டுரலாமா?" என்பாள். போகலாம் போகலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மேகம் அவளுக்கு. எனக்கு வேண்டியது வேறு. அதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். நான் சமைக்காத சோற்றை, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இரண்டு நாள். யாரோ ஒருவர் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்க வேண்டும், நான் சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தி இதில் சேராது, அங்கே பிள்ளைகளுக்கு ஊட்டி முடிப்பதற்குள் இலையை எடுத்துவிடுவார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிடைத்த கஞ்சியும் சேராது. அம்மா வீட்டுக்குப் போனாலும், 'நீ வந்திருக்கேல்ல, ஒன் கையால அந்தப் புளிக்கொழம்ப வையி' என்பார்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும். நானும் சிரித்துக்கொண்டே புளியைக் கரைப்பேன்.

ஒரு மத்தியானம் மகன் தூங்கும் நேரத்தில் போனில் தேடித் தேடி மேகமலையில் ஒரு விடுதியைக் கண்டுபிடித்தேன். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், முன்னால் ஏரி. நம்பருக்குப் போட்டால் அங்கே காவலுக்கு இருப்பவரே எடுத்தார். ரூம் இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது, அந்தியில் செக்போஸ்ட்டை அடைத்துவிடுவார்கள், அதற்குள் ஏறிவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நான் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன்.

"சாப்பாடு?"

"சொல்லீட்டீகன்னா செஞ்சு வச்சிருவோம்மா. நீங்க வந்து ஒக்காந்தாப் போதும்."

ஒக்காந்தாப் போதும். அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் விளக்கும்போது அந்த இரண்டு சொல்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, மகள். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் முதுகில் தொங்கிக்கொண்டு, "மேகம் எந்திரிச்சுரும்ப்பா, மேகம் எந்திரிச்சுரும்ப்பா" என்று நச்சரித்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சரி, ரூம்பப் போட்டுத் தொலை" என்றார். அது ஏலக்காய் எடுக்கிற காலம். அதில் இரண்டு நாள் விட்டுக்கொடுப்பது அவருக்குப் பெரிய காரியம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மறுநாளே தேனிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கினேன். வளர்கிற பையன் என்று பெரிதாகப் பார்த்து எடுத்ததில் மகனுக்குக் கை எது கால் எது என்று தெரியவில்லை. போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வேர்த்து ஒழுக நடந்தான்.

எல்லாம் கூடி வந்த சமயத்தில் என் மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "சுருளிப்பட்டியில ஒரு வார்த்தை சொல்லீட்டீகளா?"

சுருளிப்பட்டியில் இருப்பது என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கத்தில் ஊருக்கு வெளியே ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தாலும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அது முதல் உரிமை. போனில் சொன்னால் கணக்கில் வராது. நேரில் போய், கையில் பழமும் மிக்சரும் கொடுத்து, காப்பி குடித்து, ஊர்க்கதை பேசி, எழுந்திருக்கும்போது போகிறபோக்கில் சொல்வது போலச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. 'நீங்களும் வாங்களேன்' என்று கூப்பிடவும் வேண்டும். ஒரு கால் செருப்பில், ஒரு கால் வாசற்படியில் இருக்கும்போது கூப்பிடுவது. கூப்பிடப்பட்டவர் உடனே, 'எங்கிட்டுத்தா வர்றது, மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது, நீங்க சின்னஞ்சிறுசுக போயிட்டு வாங்க' என்று சொல்லிவிடுவார். கூப்பிட்டவருக்கு மரியாதை, மறுத்தவருக்குக் கௌரவம். நானே எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கிறேன், எத்தனையோ பேருக்கு மறுத்திருக்கிறேன். இதுவரை யாரும் பிசகினது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் நாலு பேரும் போனோம். நாத்தனாருக்கு வீட்டை ஒட்டித் திராட்சைப் பந்தல், பின்னால் இரண்டு மாடு. பிள்ளைகள் இருவரும் கோயம்புத்தூரில் படிக்கிறார்கள். வீட்டில் அவரும் அவர் வீட்டுக்காரரும் மட்டும். அவருக்கு அதட்டல் குரல். என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் இன்னும் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். காப்பி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், மகன் மூக்கைத் துடைத்துவிட்டார். நாங்கள் மேகமலைக்குப் போவதைச் சொன்னோம். "நல்லாப் போயிட்டு வாங்க" என்றார். எல்லாம் முறைப்படி நடந்தது. வாசலுக்கு வந்தேன். ஒரு செருப்பை மாட்டினேன்.

"நீங்களும் வாங்களேன் மதினி."

நாத்தனார் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்னைக்கிப் போறீக?"

"வெள்ளிக்கெழம..."

"சரித்தா. வாறேன். மாட்டப் பக்கத்து வீட்ல பாத்துக்கிருவாக."

இன்னொரு செருப்பு என் கையிலேயே இருந்தது.

பைக்கில் திரும்பும்போது சுருளி அருவிக்குப் போகிற வேன்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. நான்தான் ஆரம்பித்தேன். "ஒங்க அக்கா என்ன இப்பிடிச் சொல்லீட்டாக?"

"ஒன்னைய யாரு கூப்பிடச் சொன்னது?"

"கூப்பிடாம வர முடியுமா?"

 "முடியாதுதான்" என்றார். அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார். எனக்கு அந்த முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. நடுவில் மகள் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. நாத்தனார் வந்தால் அவர் வீட்டுக்காரரை எப்படி விட்டுவிட்டு வருவது? வீட்டில் அவருக்குச் சோறு யார் போடுவது? ஆக அவரும் வருகிறார். மகள் போகிற இடத்துக்கு அம்மா போகாமல் இருப்பாரா? "எல்லாரும் போயிட்டா நான் இங்கன ஒத்தையில கெடக்கவா?" என்று மாமியார் கேட்டார். கேள்வியா அது, தீர்ப்பு. விடுதிக்குப் போன் போட்டேன். இன்னொரு ரூம் இல்லை, லீவு நாள் பாருங்க என்றார் அந்த மனிதர். அப்படியானால் எப்படியும் கொஞ்சம் பேர் நின்றுவிடுவார்கள் என்று எனக்குள் சின்னதாக ஒரு நப்பாசை. ராத்திரிச் சாப்பாட்டின்போது ரூம் இல்லாத விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன்.

"அதுக்கு எதுக்கு ரூம்பு?" என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நம்ம தோட்டத்துல வீடு சும்மாதான கெடக்கு? அதுவும் மலைதான. அங்கனயும் மேகம் வரும். எல்லாரும் தங்கலாம், காய் எடுப்பையும் பாத்துக்கிட்ட மாதிரி ஆச்சு."

"அட, ஆமா" என்றார் மாமியார்.

மகள் கை தட்டினாள். அவளுக்கு எந்த மேகமானாலும் சரி. "சாப்பாட்டுக்கு?" என்று நான் கேட்டேன். எனக்கே கேட்காத குரலில்தான் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. "அடுப்பு இருக்குல்ல" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. அப்போதே போனை எடுத்து மேகமலை ரூமை வேண்டாம் என்று சொல்லியும் முடித்தார். கல்லில் கிடந்த தோசை கருகிவிட்டது. கருகின தோசை எங்கள் வீட்டில் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் முதலில் ஏறியது பெரிய குக்கர். அப்புறம் இட்லிச் சட்டி, மாவுத் தூக்கு, அரிசி, பருப்பு, மசாலா டப்பா, அரிவாள்மனை, கரண்டிகள். டூருக்குப் போகிற என் சமையலறைக்கு நான் துணைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், நானும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கும்.

நாத்தனாரையும் அவர் வீட்டுக்காரரையும் வழியில் கம்பத்தில் ஏற்றிக்கொண்டோம். பார்த்தால், சேலைக்குக் கீழே சாக்ஸ், அதற்கு மேல் புத்தம் புதுசாக நீல நிற ஷூ. நடக்கிறதுக்கு வாங்கினாராம். மாமியார் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சேலையில் வழிந்தது. நாத்தனார் கண்டுகொள்ளவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும், "ஏலே, மெதுவாப் போ, பாக்கணும்ல" என்று தம்பியை அதட்டினார். பின்னால் நான் மகனை மடியிலும், மாவுத் தூக்கை இரண்டு கால்களுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாவு தளும்பாமல் பார்த்துக்கொண்டதில் ஒரு வளைவையும் நான் பார்க்கவில்லை.

தோட்டத்து வீடு என்றால் ஒரு ஹால், ஒரு அறை, தாழ்வாரம், பின்பக்கம் அடுப்படி. அதற்குப் பக்கத்தில் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம், ஸ்டோர் என்பார்கள். இறங்கினதும் நாத்தனார் தாழ்வாரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ போட்ட காலை நீட்டி, "அப்பாடா" என்றார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நான் குக்கரை இறக்குகிறேன், மாவை இறக்குகிறேன், அரிசி மூட்டையை இழுக்கிறேன். அவர் எழுந்திருக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் வந்த காலோடு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு விளக்குமாற்றைத் தேடுகிறவர்.

கொஞ்ச நேரத்தில் தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது. "ஏத்தா, இங்கன ஒரு காப்பி கெடைக்குமா?"

ஓட்டலில் கேட்பது மாதிரிக் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் கேட்க ஆசைப்பட்ட கேள்வி அது, நான் உட்கார ஆசைப்பட்ட நாற்காலி அது. டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, கண்ணை மூடிக் குடித்தார்.

அன்று முழுக்க மழை. பிள்ளைகள் ஹாலுக்குள் ஒருவரையொருவர் தள்ளி, அழுது, மறுபடி தள்ளினார்கள். கதவைத் திறந்தால் அட்டை ஏறும் என்று மாமியார் திறக்க விடவில்லை. காய் எடுக்கிற பெண்கள் நனைந்து வந்தார்கள், அவர்களுக்குப் பால் இல்லாமல் கட்டஞ்சாயா போட்டேன். அப்புறம் வீட்டில் இருந்தவர்களுக்குச் சாயா. அப்புறம் சாம்பார், ரசம், மகனுக்குக் காரமில்லாமல் தனிச் சோறு. அடுப்படியில் ஒரே ஒரு சன்னல். அது ஸ்டோரின் சுவரைப் பார்த்து இருந்தது. பாசி படர்ந்த சிமெண்டுச் சுவர். மலைக்கு டூர் போய் நான் பார்த்தது அந்தச் சுவரைத்தான். அதில் எந்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். வீட்டில் மாடிக்காவது ஏறலாம், தூரத்திலாவது மலை தெரியும். மலைக்குள் வந்ததும் அதுவும் போயிற்று.

நான் தட்டு வைத்ததும் நாத்தனார் உட்கார்ந்தார். "சாம்பாரு நல்லாருக்குத்தா" என்றார். இன்னொரு கரண்டி கேட்டார். நான் ஊற்றினேன். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சாம்பாரைப் பார்த்து ஊற்றினேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. சோற்று உலை கொதித்துக்கொண்டிருந்தது, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலுக்கு வெளியே பிள்ளைகளின் பேச்சுச் சத்தம். மகன், "மேகம் வா, மேகம் வா" என்று யாரையோ இழுக்கிறான். எட்டிப் பார்த்தேன். மகள் மூன்று கல்லைக் கூட்டி, மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, ஏல இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இருடா" என்றாள் தம்பியிடம், தலையைத் தூக்காமல். "டூருன்னா மொதல்ல சமைக்கணும். சமைச்சு முடிச்சாத்தான் மேகம்."

கை அரிவாள்மனையில் இல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, அறுத்திருப்பேன். அவள் எரிச்சலில்லாமல் சொன்னாள். இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்வது போல.  நாற்பது வயதில் இவள் எந்தச் சுவரைப் பார்த்து நிற்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன் என்று எழுத ஆசைதான். அணைக்கவில்லை. தணித்து வைத்தேன். என் தைரியம் அவ்வளவுதான். மகனை இடுப்பில் தூக்கினேன், மகளின் கையைப் பிடித்தேன், சிரட்டை உருண்டது, தோட்டத்துக்கு மேலே இருக்கிற பாறையைப் பார்த்து ஏறினேன். பின்னால் மாமியார், "எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் நான் போன ஒரே இடம் அந்தப் பாறை.

போய்ச் சேர்ந்தபோது மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கீழே ஸ்டோரின் கூரை மறைந்தது, அப்புறம் ஏலச் செடிகள், அப்புறம் எங்கள் காலே தெரியவில்லை. மகன் வாயைத் திறந்து நாக்கை நீட்டினான். மகள் கையை வீசிப் பிடித்து, மூடின கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டாள். மெதுவாகத் திறந்து பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லம்மா. ஈரமா இருக்கு."

"அதுதான் மேகம்."

அவள் திரும்பத் திரும்பப் பிடித்தாள். நான் பாறையில் உட்கார்ந்தேன். ஈரம் சேலைக்குள் ஏறியது, நன்றாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நான் தெரிய மாட்டேன் என்பது அதைவிட நன்றாக இருந்தது. அப்போது மகள் கையை இறக்கிவிட்டு என் அருகில் வந்து நின்றாள்.

"அம்மா, சோறு யாரு வடிப்பா?"

"யாராச்சும் வடிப்பாக."

"யாரு?"

 அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்தேன். அப்படியும் எழுந்திருக்கக் கூடாது என்று மேகம் கலைகிற வரைக்கும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். சோறு குழைந்தால் குழையட்டும்.

இறங்கி வரும்போது தூரத்திலேயே தெரிந்தது, தாழ்வாரத்து நாற்காலி காலியாக இருந்தது. நாத்தனாரின் வீட்டுக்காரர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார், என் வீட்டுக்காரர் ஸ்டோர் வாசலில் காயை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்குக் கீழே நீல ஷூ இரண்டும் ஜோடியாக வைத்திருந்தது, சாக்ஸ் மடித்து உள்ளே செருகியிருந்தது. ஷூவின் அடியில் மண் பட்ட மாதிரியே தெரியவில்லை.

அடுப்படியில் நாத்தனார் வெறுங்காலோடு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார். நான் பாதியில் விட்ட வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீகளா? நல்ல வேளை, கொழையிறதுக்குள்ள பாத்துட்டேன்" என்றார்.

"நீங்க எதுக்கு மதினி..."

"நான் வடிக்காட்டி யாரு வடிப்பா?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"மேகம் எப்பிடி இருந்துச்சு?" என்று நாத்தனார் அவளைக் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல அயித்தே. ஈரமா இருந்துச்சு."

நாத்தனார் சிரித்தார். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஆவி முகத்தில் அடிக்க, என்னைப் பார்க்காமலே பேசினார். "நீ மரியாதைக்குக் கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியாதாக்கும்? செருப்ப மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டா அது கூப்பிடுறதாத்தா? நானும் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கேன். தெரிஞ்சுதான் வாறேன்னேன். ஒருத்தி ஆக்கி வச்ச சோத்த ரெண்டு நாளு ஒக்காந்து தின்னுட்டு வருவோம்னு ஒரு ஆசை. பிள்ளைக போனதுக்கப்பறம் எங்க வீட்டு அடுப்படி எனக்குக் கெணறாட்டம் இருக்கு. நேத்துக் குடிச்ச காப்பி இருக்குல்ல, எந்திரிக்காமக் குடிச்ச காப்பி, எனக்கு அதுவே போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது, இந்தத் தடவை அவர் மேல் இல்லை. ஒரே தட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் ஆசைப்பட்டிருக்கிறோம், நான் அவரை முறைத்துக்கொண்டே சாம்பார் ஊற்றியிருக்கிறேன். வெளியே இருந்த ஆம்பளைகளை முறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். "போங்க மதினி. ஷூவப் போட்டுக்கிட்டுப் போயிப் பாத்துட்டு வாங்க. பிள்ள வழி காட்டுவா."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு போனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு குழம்பைக் கூட்டினேன். குழம்பு கொதிப்பதற்குள் திரும்பிவிட்டார்கள். சுவரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"வெயிலு வந்துருச்சுத்தா" என்றார் நாத்தனார். "பரவால்ல."

தாழ்வாரத்திலிருந்து, "சோறு ஆச்சா?" என்று ஒரு ஆண் குரல். எந்த வீட்டுக்காரர் என்று இருவருமே பார்க்கவில்லை. "ஆச்சு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மறுநாள் சாயங்காலம் இறங்கினோம். இந்தத் தடவை நாத்தனார் முன் சீட்டுக்குப் போகாமல் பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாவுத் தூக்கு காலி, அதனால் என் காலுக்கும் இடம் இருந்தது. மகள் அவர் மடியில் தூங்கிவிட்டாள். ஷூ ஒரு பாலித்தீன் பைக்குள் இருந்தது. ஜீப் சத்தத்தில் முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று தைரியம் வந்து, அவர் காதோரம் சாய்ந்தேன்.

"மதினி, மேகமலையில ஒரு விடுதி இருக்கு. அந்தாளு நம்பரு இன்னும் எங்கிட்ட இருக்கு. நாம ரெண்டு பேரும், இந்தப் பிள்ளைகளும் மட்டும் போவம்."

"சோறு?"

"அவுகளே ஆக்கிருவாக. ஒக்காந்தாப் போதுமாம்."

"தட்டு கழுவ வேணாமா?"

"வேணாம்."

நாத்தனார் வெளியே பார்த்தார். ஒரு வளைவு, இன்னொரு வளைவு என்று ஜீப் இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே கம்பத்துப் பக்கம் விளக்குகள் ஒன்றொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை. என் கையைப் பிடித்து, மகள் தலைக்குப் பக்கத்தில் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அரையாண்டு லீவுல போவம்" என்றார். "யாரும் வேணாம். நாம மட்டும்."

"நாம மட்டும்" என்றேன். 

அவர் இன்னும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். அடிவாரத்துக்கு வந்து ரோடு நேரானதும், "எங்க ஓரகத்திகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்துர்றேன்" என்றார். "பக்கத்து வீட்ல இருந்துக்கிட்டுச் சொல்லாம வந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுதான் மதினி" என்று நானும் சொன்னேன்.